சேலையும் சைக்கிளும்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்தவர், "நீங்கள் வரலாறு படித்தவர்தானே, ஏதாவது ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்கள்" என்று கேட்டார். பாண்டியர், நாயக்கர் பற்றியெல்லாம் எழுத நம் தோழியரில் பெரிய பேராசிரியைகள் இருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அக்பரையும் அசோகரையும் நடத்தி ஓய்ந்தவள். எனக்குச் சொந்தமாகத் தெரிந்த வரலாறு சைக்கிள் வரலாறு ஒன்றுதான். அதையே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மயிலாடும்பாறை. ஹாஸ்டலில் அந்தப் பெயரைச் சொன்னதும், "அங்கே ஆடுவது மயிலா, பாறையா?" என்று கேட்டுச் சிரிப்பீர்கள், நினைவிருக்கிறதா? கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டி வருசநாட்டுக்குப் போகிற ரோட்டில், மூல வைகைக் கரையில் இருக்கிறது. அப்போது எல்லாம் மதுரை மாவட்டம். தேனி மாவட்டம் பிரிந்தது 90-களில்தான். எங்கள் வீடு ஊருக்குள் அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று மைல் தள்ளி, தென்னையும் இலவ மரமுமாக இருந்த தோட்டத்து வீடு. பள்ளிக்கூடம் போக அந்த மூன்று மைலையும் நடக்க வேண்டும்.

எனக்கு ஒரு அண்ணன், ஒரு அக்கா. அண்ணனுக்கு அய்யா சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அக்கா எட்டாவதோடு நின்றாள். அவள் படிப்பில் மட்டமில்லை. கணக்கில் அண்ணனுக்கே சொல்லிக் கொடுப்பாள். வயசுக்கு வந்த பிள்ளையைத் தனியாக மூன்று மைல் நடக்க விட வீட்டில் மனசு வரவில்லை. "எனக்கும் ஒரு சைக்கிள் வாங்கித் தாங்களேன்" என்று அவள் கேட்டதும், அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பொட்டப்புள்ள தாவணியத் தூக்கிச் செருகிக்கிட்டு சைக்கிள் மிதிச்சா பாக்க நல்லாவா இருக்கும்?" பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் அக்காவுக்கு ஆறு வயசு இளையவள். பாவாடை சட்டைப் பருவம், அதனால் தப்பித்தேன். ஊருக்குள் வாடகை சைக்கிள் கடை இருந்தது, மணிக்கு 50 பைசா. பாவாடையைக் கால்களுக்கு நடுவே சுருட்டிச் செருகிக்கொண்டு, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அண்ணன் வேலைக்குப் போனதும் அவன் சைக்கிள் எனக்கு வந்தது. பத்தாவது வரைக்கும், தாவணி போட்ட பிறகும், அதை விடவில்லை. அதற்குள் அய்யாவுக்கும் கொஞ்சம் மனசு இளகியிருந்தது. அந்த இளக்கம் ஆறு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று பல தடவை நினைத்ததுண்டு.

மதுரைக்கு வந்த பிறகுதான் டவுனில் சைக்கிள் ஓட்டுவது வேறு வித்தை என்று தெரிந்தது. வீட்டிலிருந்து வருகிற தோழியர் பலரும் சைக்கிளில்தான் வருவார்கள். சனிக்கிழமைகளில் அவர்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு யானைக்கல் வரைக்கும் போய் வருவேன். அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒப்பனை! தாவணி முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து செருகி ஊக்குப் போடணும். தோளில் இன்னொரு ஊக்கு. சடையை முன்னால் போடக்கூடாது. பூ வைத்தால் காற்றுக்கு நிற்கிற மாதிரி இறுக்கிக் கட்டணும். இத்தனை செய்தும் ஒருநாள் கோரிப்பாளையம் முக்கில் என் மாம்பழக் கலர் தாவணி செயினுக்குள் போய்விட்டது. நடு ரோடு, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பூ விற்ற அம்மா ஒருத்தர் ஓடி வந்து, "பதறாத தாயி, பெடலப் பின்னால சுத்து" என்று சொல்லி எடுத்து விட்டார். தாவணியில் மசிக்கறை கடைசி வரைக்கும் போகவில்லை. "செயின் கவர் இல்லாத வண்டியை ஏண்டி கொடுத்தே?" என்று நான் சண்டை போட்ட கெமிஸ்ட்ரித் தோழி இதைப் படித்தால் இப்போதும் என்னைத் திட்டுவாள்.

இந்தத் துணிச் சண்டை நம்மோடு ஆரம்பித்ததல்ல. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய வண்டியின் முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பாவாடை கட்டியவர் அதில் ஏறுவதாவது! 1888-ல் டன்லப் காற்று டயர் கொண்டுவந்தார். அடுத்த பத்து வருஷத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் பெருவாரியாக சைக்கிள் ஏறினார்கள். தரை தொடும் கவுனுக்காகவே நடு பாரை வளைத்துத் தாழ்த்தினார்கள். செயினுக்கு மூடி போட்டார்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் நூலால் வலை பின்னினார்கள். இன்று மோட்டார் சைக்கிளில் நாம் பார்க்கிற 'சாரி கார்டு' அந்த வலைக்குத் தங்கை முறை. காற்றில் தூக்காமலிருக்க ஓரத்தில் ஈயக்குண்டு வைத்துத் தைத்தவர்களும் உண்டு. லண்டனில் ஆலிஸ் பைக்ரேவ் என்ற தையல்காரப் பெண் 1895-ல் ஒரு பாவாடைக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே கயிறும் கப்பியும் வைத்து, இழுத்தால் மேலே ஏறும், விட்டால் கீழே இறங்கும். கிணற்று வாளி மாதிரி!

இத்தனை பாடும் எதற்கு? வண்டியில் போகும்போது கால் தடுக்கக் கூடாது, இறங்கினதும் மரியாதையான பெண்ணாகத் தெரிய வேண்டும். கப்பி வேண்டாம் என்று நேராகக் காற்சட்டை போட்டவர்களுக்கு என்ன நடந்தது? ஹார்பர்டன் சீமாட்டி 1898-ல் தொளதொளவென்ற காற்சட்டையோடு சைக்கிளில் போய், ஓக்கம் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு கேட்டார். அந்த உடுப்போடு காபி அறைக்குள் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சைக்கிள் சங்கத்தார் அவருக்காகக் கோர்ட்டுக்குப் போய் 1899-ல் தோற்றார்கள். படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் ஒரு ஹோட்டலில் தோற்ற கதைதான். டீச்சர் வேலை கிடைத்து, கல்யாணமாகி, மயிலாடும்பாறைப் பக்கமே வந்து சேர்ந்தேன். சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன், மொத்தம் இரண்டு வாரம். அதற்குள் வீட்டில் ஒரு பெரியவர், "டீச்சரம்மா கெண்டைக்கால் தெரிய சைக்கிள்ல போறது நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். மறுநாளிலிருந்து நடந்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டம் வாங்கியவள், ஹார்பர்டன் சீமாட்டியின் கதையைப் படித்தவள்!

இனிமேல் வருவது அக்கா கதை. அவளைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அந்த மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் ஆரம்பமானது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஊர் ஊராகப் போகிற பெண்கள் பஸ்ஸையும் ஆண்களையும் நம்பியே இருக்க முடியாதென்று, சைக்கிள் பயிற்சியையும் இயக்கத்தில் சேர்த்தார்கள். வெறும் பேச்சில்லை, சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. 1992 மகளிர் தினத்தன்று ஹாண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் மணி அடித்தபடி புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து, 1996-ல் வந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலான பெண்கள் கற்றுக்கொண்டதாக அவர் கணக்கு. அங்கன்வாடிப் பணியாளர், கிராம நர்சு, கல்குவாரியில் வேலை செய்கிறவர், செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுகிறவர் என்று எல்லோரும் அதில் உண்டு. கேலியும் இல்லாமலில்லை, காது கூசுகிற பேச்செல்லாம் கேட்டுக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் கோடை லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் விட்டு இறங்கினால், அக்கா சைக்கிளோடு நிற்கிறாள். மாமாவுடைய ஆம்பளை சைக்கிள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. "ஏறுடி பின்னால" என்றாள். சேலைக் கொசுவத்தின் கீழ்முனையைத் தூக்கி இடுப்பில் ஒரு செருகு, முந்தானையை இன்னொரு செருகு. ஊக்கு ஒன்றுகூட இல்லை. நான் அரை மணி நேரம் செய்த வேலையை அவள் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஆலிஸ் பைக்ரேவின் கப்பி இவ்வளவு வேகமாக வேலை செய்திருக்குமா என்பது சந்தேகம்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு ஊர்ப் பெண்கள் எல்லாம் இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டி, பூ வைத்துக்கொண்டு போனார்களாம். "விழுந்து எந்திரிக்கப் போறதுக்கு எதுக்குக்கா நல்ல சேல?" என்று கேட்டேன். "எல்லாரும் பாக்கத்தானே போறாங்க, நல்லாப் பாக்கட்டுமேன்னு கட்டிக்கிட்டுப் போனேன்" என்றாள். இதே விஷயத்தை, கிழக்குறிச்சியில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து பழகினதைச் சாய்நாத்தும் எழுதியிருப்பதைப் பின்னால் படித்தேன். 'பார்க்க நல்லாவா இருக்கும்' என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் பேச்சில் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. லேடீஸ் சைக்கிளுக்கு அங்கே அப்போது பெரிய தட்டுப்பாடு. சரி என்று ஆம்பளை சைக்கிளையே ஓட்டிப் பழகியவர்கள் பிறகு, "இதுவே இருக்கட்டும், பார்ல பிள்ளைய வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவும் பாரில் பழைய துணியைச் சுற்றி வைத்து, அதில்தான் சின்னவனை உட்கார வைப்பாள். பின்னால் கேரியரில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம். கவுனுக்காக வெள்ளைக்காரர்கள் வளைத்த பாரை, சேலை கட்டிய பெண்கள் பிள்ளைக்காக நேராகவே வைத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு எந்த வண்டி பொருந்தும் என்பதை ஓட்டுகிறவளிடம் கேட்டால்தானே தெரியும்?

இறங்கும்போது அக்கா கேட்டாள்: "நீதான் சின்னதுலேயே ஓட்டுனவளாச்சே, இப்ப ஏண்டி ஓட்டுறதில்ல?" பஸ் வசதி, உடம்பு என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை, மேலே கேட்கவுமில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. 2005-06-ல் மேல்நிலை வகுப்பில் எல்லோருக்கும் என்றானது. பீகாரிலும் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் திட்டம் வந்து, பள்ளியில் சேருகிற பெண்கள் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. எங்கள் பள்ளியில் சைக்கிள் கொடுத்த முதல் வருஷம் வண்டிகளை வரிசையாக நிறுத்தி நம்பர் எழுதியது நான்தான். எழுதிக்கொண்டே இருந்தபோது ஒரு பிள்ளை, "டீச்சர், கண்ணுல ஏதும் விழுந்திருச்சா?" என்று கேட்டது. தூசி என்றேன். தாவணிச் சீருடை போய்ச் சுடிதார் வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஊக்குத் தொல்லையும் குறைந்தது. துப்பட்டாவை இரண்டு தோளிலும் குத்திக்கொண்டு மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டே ரோட்டை அடைத்துப் போவார்கள். பஸ் டிரைவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஓய்வு பெற்றதும் நான் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். 'நல்லாவா இருக்கு' என்று கேட்ட பெரியவர் இப்போது இல்லை. அவர் இருக்கும்போதே வாங்கியிருக்க வேண்டும் என்பது என் குறை. காலையில் பால் வாங்க அதில்தான் போகிறேன், சுடிதார் போட்டுக்கொண்டு. அக்காவுக்குப் போன் செய்து சொன்னதற்கு, "சுடிதார் எதுக்குடி? சேலையிலயே ஓட்டு, அதான் வசதி" என்கிறாள். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.