தேதி போட்ட தீர்க்கதரிசனம்

அம்பத்தூர் கிளையில் எனக்கு அடுத்த கவுண்டர் நண்பர் ஆவடியிலிருந்து ரயிலில் வருபவர். ஒருநாள் ஏசாயா 7:14ஐக் காட்டி, “எழுநூறு வருஷம் முன்னாடி சொன்னது அப்படியே நடந்திருக்கு. இதைவிட ருசு என்ன சார் வேணும்?” என்றார். கேலி செய்துவிட்டுப் போகிற கேள்வியல்ல. பாஸ்கல் இதையே கிறிஸ்துவத்தின் மிகப் பெரிய நிரூபணமாகக் கருதினார்.

ஆனால் அந்த வசனம் ஆகாஸ் ராஜாவுக்குச் சொல்லப்பட்டது. சிரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமைத் தாக்க வந்த, கி.மு. 735ஐ ஒட்டிய சமயம். பிள்ளைக்கு நன்மை தீமை தெரிவதற்குள் அவ்விரு தேசங்களும் பாழாகும் என்பதுதான் அங்கே விஷயம். எபிரேய மூலத்தில் ‘அல்மா’, அதாவது இளம்பெண். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கன்னியைக் குறிக்கும் ‘பார்த்தெனோஸ்’ ஆயிற்று. மத்தேயு கிரேக்கத்தை எடுத்துக்கொண்டார். நம் தமிழ் பைபிள் இரண்டு இடத்திலும் ‘கன்னிகை’ என்று போட்டு ஒட்டுத் தெரியாமல் பூசிவிட்டது. இரண்டாம் நூற்றாண்டு ஜஸ்டின் தன் நூலில் டிரைஃபோ என்ற யூதர் வாயிலாக இந்த ஆட்சேபத்தைப் பதிவு செய்திருக்கிறார். பழைய சண்டைதான்.

வங்கி பாஷையில் இது தேதி போடாத செக். வைத்திருப்பவர் நிரப்பிக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்குத் தேதி போட்டே கொடுத்த ஒருவர் உண்டு. திருவிதாங்கூரில் குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பத்து ராமய்யன். 1861இல் ஞானஸ்நானம் பெற்று யுஸ்தூஸ் ஜோசப் ஆனார், சி.எம்.எஸ். மிஷனில் பாதிரியானார். ஜனங்களுக்கு வித்வான் குட்டி. 1870களின் எழுப்புதலில், 1881 அக்டோபர் 2 என்று நாள் குறித்துப் பிரசங்கித்தார். நம்பியவர்கள் காத்திருந்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. அமெரிக்காவில், தானியேலின் 2300 நாட்களை வருஷங்களாக்கிக் கணக்குப் போட்ட வில்லியம் மில்லரின் கூட்டத்துக்கு 1844 அக்டோபர் 22இல் நேர்ந்ததும் இதேதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது, வித்வான் குட்டியின் கூட்டம் கலைந்துவிடவில்லை என்பது. ‘யுயோமயம்’ என்ற பெயரில் தனிச் சபையாகத் தொடர்ந்தது. தேதி பொய்த்துச் சாகாத விசுவாசம், தேதி பலித்ததால் பிறந்தது என்று எப்படிச் சொல்வது? விசுவாசம் வந்தபிறகுதான் பலித்த வசனத்தைத் தேடிப் போகிறார்கள் என்று தோன்றுகிறது. அவருடைய பாட்டுகளைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. ஒன்றில் மணவாளன் இன்னும் வரவில்லையே என்ற ஏக்கம். கணக்கைவிட அந்த ஏக்கத்தை என்னால் நம்ப முடிகிறது.

நண்பரிடம் அல்மாவைப் பற்றி மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இருக்கட்டும் சார். நான் அதுக்காகவா நம்பினேன்?” என்றார். எதற்காக என்று கேட்பதற்குள் கவுண்டர் திறக்கும் நேரமாகிவிட்டது.