தளத்துக்கு இடமுண்டு, தமிழருக்கு இல்லை

திருகோணமலைத் துறைமுகத்தின் கதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

சுதந்திரத்துக்கு மூன்று மாதங்கள்கூட இல்லாத வேளையில், 1947 நவம்பர் 11இல், டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியர் வசமே தொடர்ந்தன. சிறிய நாட்டுக்கு வலிய காவலன் தேவை என்பது ஐக்கிய தேசியக் கட்சியின் வாதம். அயலிலுள்ள இந்தியா மீதான அச்சமே அதன் வேர். தளங்கள் இருக்கும்வரை சுதந்திரம் முழுமையாகாது என்றனர் இடதுசாரிகள்.

அந்நியப் படைக்கு இடமளித்த அதே கட்சிதான், 1948இல், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரை அந்நியராக்கிப் பிரசாவுரிமையை மறுத்தது.

1956இல் பதவியேற்ற பண்டாரநாயக்கா தளங்களைக் கேட்டுப் பெற்றார். 1957 ஒக்டோபர் 15இல் திருகோணமலையும், நவம்பர் 1இல் கட்டுநாயக்காவும் கைமாறின.

முப்பது ஆண்டுகளின் பின், 1987 யூலை 29இல், அதே கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா, இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என ராஜீவ் காந்திக்கு உறுதியளித்தார். எவருக்கு அஞ்சித் தளம் கொடுத்தார்களோ, அவருக்கே வாக்குக் கொடுக்க நேர்ந்தது.

இலண்டன், கொழும்பு, டில்லி எல்லாம் அத்துறைமுகத்தைப் பற்றிப் பேசின. அதன் கரையில் வாழ்ந்த மக்களிடம் எவரும் கேட்டதில்லை. கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் இன்றும் படையினர் தங்கியுள்ள கோட்டையைக் கடந்தே செல்கின்றனர்.