எலக்ட்ரிக் கார் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்? மாத்தணும்னா எவ்வளவு செலவு?

எலக்ட்ரிக் கார் வாங்க நினைக்கும் பலரையும் தயங்க வைப்பது ஒரே கேள்விதான்: 'பேட்டரி போயிட்டா என்ன பண்றது?' காரிலேயே விலை அதிகமான பாகம் அதுதான் என்பதால் இந்த பயம் நியாயமானது. ஆனால், வாரன்டி முடிந்த மறுநாளே பேட்டரி படுத்துவிடும் என்பது உண்மையல்ல.

ஆயுள் எவ்வளவு?

செல்போன் பேட்டரி போல இதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். கனடாவின் ஜியோடாப் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பேட்டரியின் திறன் ஆண்டுக்கு சராசரியாக 1.8 சதவீதம் குறைகிறது. அதாவது, புதிதில் 300 கி.மீ. ஓடிய கார், 8 வருஷம் கழித்தும் 255 கி.மீ. வரை ஓடும்.

இது சராசரிதான். வெயிலிலேயே நிறுத்துவது, அடிக்கடி ஃபாஸ்ட் சார்ஜ் போடுவது, முழு சார்ஜில் பல நாள் விட்டுவைப்பது ஆகியவை தேய்மானத்தைக் கூட்டும். நிக்கல் கலந்த பேட்டரியைவிட, எல்.எஃப்.பி. வகை பேட்டரி அதிக முறை சார்ஜ் ஏற்றுவதைத் தாங்கும்.

வாரன்டியில் என்ன பார்க்கணும்?

பல கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி உண்டு. திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளத்தில் மூழ்கி கெட்டுப்போனால் பொதுவாக வாரன்டி கிடைக்காது. அதற்கு இன்ஷூரன்ஸ்தான் கை கொடுக்கும்.

மாற்ற எவ்வளவு?

ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்குப்படி, 2024-ல் உலக அளவில் பேட்டரி பேக்கின் சராசரி விலை ஒரு கிலோவாட் அவருக்கு 115 டாலர். 30 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் சுமார் 3 லட்சம் ரூபாய். இது தயாரிப்பாளர்கள் வாங்கும் விலை. ஜி.எஸ்.டி., கூலி எல்லாம் சேர்ந்தால் நம் கைக்கு வரும் பில் இன்னும் கூடும். பல கார்களில் பழுதான மாட்யூலை மட்டும் மாற்றவும் வழி உண்டு. அதனால் முழு பேக்கையும் மாற்றச் சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்.

பழைய பேட்டரி எங்கே போகும்?

காருக்கு உதவாத பேட்டரியிலும் பாதிக்கு மேல் திறன் மிச்சமிருக்கும். ஆம்ஸ்டர்டாமின் யோஹன் க்ரைஃப் ஸ்டேடியத்தில், பழைய நிசான் லீஃப் பேட்டரிகளையும் சேர்த்து 2018 முதல் மின்சாரம் சேமிக்கிறார்கள். அதற்கும் உதவாதபோது உடைத்து லித்தியம், நிக்கல், கோபால்ட் பிரித்தெடுக்கலாம்.

இந்தியாவின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி, பழைய பேட்டரியை சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. மண்ணில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. 2026-27 முதல், எலக்ட்ரிக் வாகன பேட்டரியிலிருந்து 90 சதவீத பொருட்களை மீட்க வேண்டும்.

காயலான் கடையில் போட்டால் நாலு காசு கிடைக்கலாம். ஆனால் மிச்சமிருக்கும் சார்ஜோடு அதை உடைத்தால் தீப்பிடிக்கும், நச்சுப் புகையும் வரும். கார் கம்பெனியிடமோ, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ கொடுப்பதே பாதுகாப்பு.

செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கார் வாங்குபவர்களுக்கு: ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மிச்ச வாரன்டி உங்கள் பேருக்கு மாறுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.