கைவிட்டுப் போன காஸ்மோ

'காஸ்மோபாலிட்டன்' பத்திரிகையின் ஆஸ்திரேலிய உரிமை தனக்குத்தான் என்று நம்பியிருந்தார் கெர்ரி பேக்கர். தட்டிக்கொண்டு போனதோ போட்டிக் கம்பெனி ஃபேர்ஃபாக்ஸ்! சரி, அவர்கள் வருவதற்குள் நாமே முந்திக்கொள்வோம் என்று 1972-ல் இறங்கியதுதான் 'க்ளியோ'. ஆசிரியர், 30 வயது இட்டா பட்ரோஸ். வயிற்றில் பிள்ளை வேறு.

சமையல், பின்னல் என்றிருந்த மகளிர் இதழ்களுக்கு நடுவே செக்ஸ் பற்றிப் பட்டவர்த்தனமாகப் பேச்சு. நடுப்பக்கத்தில் நடிகர் ஜாக் தாம்ப்சன், துணியில்லாமல்! பெண்கள் காசு கொடுத்து வாங்குவார்களா?

வாங்கினார்கள். நவம்பர் முதல் இதழ், 1,05,000 பிரதிகள், இரண்டே நாளில் காலி. (பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படும்!)

இந்தக் கதையைத்தான் 2011-ல் ஏபிசி டி.வி. 'பேப்பர் ஜெயன்ட்ஸ்' என்று இரண்டு பகுதி நாடகமாக்கியது. இட்டாவாக ஆஷர் கெடி. பேக்கரின் உறுமல்தான் அதில் மசாலா. என் ஓட்டு இட்டாவுக்கு.

2016-ல் 'க்ளியோ' மூடப்பட்டது. இட்டா? 2019-ல் அதே ஏபிசிக்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தார்.