பல்லில் புழு உண்டோ?

பல்வலியால் ஓரிரவேனும் உறக்கமிழந்தவர்க்கு அதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்நோவு எதனால் வருகின்றது என்ற வினாவுக்குப் பண்டை மக்கள் பலரும் கண்ட விடை ஒன்றே: பல்லைப் புழு தின்கின்றது.

பாபிலோனியர் களிமண் ஏடொன்றில் இதற்கு ஒரு கதையே எழுதி வைத்தனர். சேற்றிற் பிறந்த புழு தேவர்முன் அழுது, தனக்கு உணவு யாதெனக் கேட்டதாம். கனிந்த அத்திப்பழத்தை அவர்கள் காட்ட, அது வேண்டாவென்று, பல்லுக்கும் முரசுக்கும் இடையே குடியிருக்க வரம் வேண்டியதாம்.

புழுவென்று துணிந்தபின் அதனைப் புகையூட்டிக் கொல்ல முயன்றது இயல்பே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோம மருத்துவர், குரோசாணி ஓமத்தின் வித்தைத் தணலிலிட்டு அப்புகையை வாயில் ஏற்குமாறு விதித்தார். தமிழரிடையே கண்டங்கத்திரி வித்து இதற்குப் பயன்பட்டது. சூட்டினால் வெடித்த வித்தினின்று வெளிப்படும் முளைக்கரு வெண்புழுப் போலவே தோன்றும். கண்ணாற் கண்டபின் ஐயுறுவார் யார்? நோவும் சிலருக்கு நின்றது; புழு செத்ததென்று மகிழ்ந்தனர். பல வேளைகளிற் செத்தது புழுவன்று, பல்லின் நரம்பே.

1632ஆம் ஆண்டு லண்டன் நகரத்து இறப்புப் பட்டியலில், 9,535 பேருள் 470 பேர் ‘பல்’ என்னும் காரணத்தின்கீழ் எழுதப்பட்டுள்ளனர். பல் முளைக்கும் பருவத்தில் இறந்த மழலைகளையும் அதிற் சேர்த்து எழுதினர் என்பதால், அத்தொகை முழுவதையும் சூத்தைப் பல்லின்மேற் சுமத்தல் தகாது. ஆயினும் பல்லிலிருந்து சாவு வருமென்பது பொய்யன்று. 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லூட்விக், தாடையின்கீழ் வீக்கம் பரவி மூச்சை அடைத்துக் கொல்லும் நோயொன்றை விவரித்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சூத்தையே அதற்குப் பெரும்பாலும் மூலமென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1728இல் பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபொஷார், தாம் நுண்பெருக்கியால் நோக்கியும் புழு எதனையும் கண்டதில்லை என்று துணிந்தெழுதினார். உண்மைக் காரணம் துலங்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு கடந்தது. பெர்லினிற் பணியாற்றிய அமெரிக்கர் மில்லர், வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சீனியையும் புளிக்கச் செய்து அமிலமாக்க, அது பல்லின் மேலோட்டைக் கரைக்கின்றது என்று 1890இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

மேலோடு கரைந்தபின் கிருமிகள் நரம்பை அடைகின்றன. அப்போதே உயிர் போகும் நோவு. நரம்பு மடிந்ததும் நோவு தணிகின்றது. குணமாயிற்றென்று எண்ணியிருக்கும் அந்நாட்களிலேதான், கிருமிகள் வேரின் நுனி வழியே தாடையெலும்பிற் புகுந்து சீழ் கட்டுகின்றன, கன்னம் வீங்குகின்றது. கராம்புத் தைலம் நோவைச் சிறிது மரக்கச் செய்யும். வெதுவெதுப்பான உப்புநீர் வாயைத் தூய்மையாக்கும். அவை வேரடிச் சீழை எட்டா. பென்சிலின் போன்ற மருந்துகள் வந்தபின் இச்சாவுகள் அருகினவெனினும், சீழை வெளியேற்றி, பல்லின் வேரைத் துப்புரவாக்குதலோ பல்லைப் பிடுங்குதலோ இன்றி அம்மருந்தும் முழுப்பயன் தராது. வீக்கத்தோடு காய்ச்சல் கண்டால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால், நோயாளியை அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். விடியும்வரை பொறுத்தல் ஆகாது.