மார்ச் மாதத்துச் சூடு: செய்யாற்றில் தேர்வுக்காலப் பருவும் அதன் காலக்கணக்கும்

எழுத்தில் செய்யாறு, பேச்சில் செய்யார். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்த ஊரில் பிப்ரவரி கடைசியில் இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. முற்பகலிலேயே ஆற்று மணல் சுடத் தொடங்குகிறது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிகிறது. அதே வாரங்களில் அந்தப் பிள்ளைகளின் நெற்றியிலும் தாடையிலும் பரு முளைக்கிறது. ஏன் என்று கேட்டால் பாட்டியும் மருந்துக்கடைக்காரரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "சூடு."

அந்தச் சொல்லை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளிவிடுபவர்கள் அதற்குள் இருக்கும் கவனிப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள். வெளியில் அடிக்கும் வெயிலும் சூடு, கண்விழிப்பும் சூடு, மனசில் ஒன்றைப் போட்டு உழப்பிக்கொண்டிருப்பதும் சூடு. தூக்கம் கெட்டால், கவலை கூடினால் முகத்தில் பரு வரும் என்பதைப் பாட்டிமார்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டதால் எது உண்மைக் குற்றவாளி என்று பிரித்தறிய அந்தச் சொல்லால் முடிவதில்லை. பொதுத்தேர்வும் கோடையின் தொடக்கமும் ஒரே மாதத்தில் விழும் ஊரில் அதைப் பிரிப்பது யாருக்குமே கடினம்தான்.

பிரித்துக் காட்டியது சிங்கப்பூர். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் பெரிதாக மாறாத ஊர் அது. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 94 பேரைத் தேர்வுக்கு முந்தைய நாட்களிலும் விடுமுறையிலும் தனித்தனியே பரிசோதித்த கில் யோசிபோவிட்ச் குழு 2007-இல் முடிவை வெளியிட்டது. பிள்ளைகளின் சராசரி வயது 15-ஐ ஒட்டியது. மன அழுத்தம் மிகுந்த காலத்தில் பருவின் கடுமை கூடியது; வானிலை மாறாததால் பழியை வெயில் மேல் போட வழியில்லை. அதைவிடச் சுவையான செய்தி இன்னொன்று. தோலில் சுரக்கும் எண்ணெயின் அளவு இரண்டு காலத்துக்கும் இடையே குறிப்பிடும்படி மாறவில்லை. "கவலையில் முகம் எண்ணெய் வழிகிறது, அதனால் பரு" என்ற நம்பிக்கைக்கு அந்த அளவீடு துணை நிற்கவில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2003-இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அலெக்ஸா கிம்பால் உள்ளிட்ட மூவர் 22 மாணவர்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். தூக்கம், சாப்பாடு ஆகியவற்றின் பங்கைக் கணக்கில் கழித்த பிறகும் அழுத்தத்துக்கும் பருவின் கடுமைக்கும் இடையே 0.61 என்ற வலுவான ஒட்டுறவு எஞ்சியது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இரு கண்டங்களில், இரு வயதினரிடம், ஒரே திசையில் முடிவு வந்திருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

தோலுக்குள் நடப்பது என்ன? மயிர்க்காலின் வாய் தோல் செதில்களாலும் எண்ணெயாலும் அடைபடுகிறது. அடைப்புக்குப் பின்னால் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற நுண்ணுயிர் பெருகுகிறது; உடல் அதை எதிர்க்க, அழற்சி உண்டாகிச் சிவந்து சீழ் கட்டுகிறது. இதில் மன அழுத்தம் எங்கே நுழைகிறது என்பதற்குப் பெர்லினில் பணியாற்றிய கிறிஸ்டோஸ் ஜூபூலிஸ் குழு 2002-இல் ஒரு தடயம் தந்தது. அழுத்தம் வரும்போது மூளை வெளியிடும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிச் செல்களே தயாரிக்கின்றன, அதை ஏற்கும் வாயில்களும் அவற்றிலேயே இருக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். மனக்கலக்கத்தின் மொழி தோலுக்கும் தெரியும் என்று கொள்ளலாம். ஆனாலும் அழுத்தம் ஒன்றுமில்லாத இடத்தில் பருவைப் படைப்பதில்லை. முன்பே உருவாகியிருக்கும் அடைப்புகளைக் கிளறிவிடுகிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணடைப்பு சிவந்த பருவாக வளர ஏறத்தாழ எட்டு வாரம் பிடிக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் முகத்தில் தெரிவது, பொங்கலுக்கு முன்னாலேயே தோலுக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆரணிப் பட்டு நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவு ஓட்டும்போது விழுந்த பிழை, தறியில் ஏறி முழம் கடந்த பிறகே கண்ணில் படும். பருவுக்கான நம்பகமான மருந்துகளும் அதே வேகத்தில்தான் வேலை செய்கின்றன. 8 முதல் 12 வாரம். ஆக, தேர்வுக்காலப் பரு தேர்வுக்காலத்தில் தீர்க்கக்கூடிய சிக்கலே அல்ல. அதைத் தேர்வுக்காலத்தில் தீர்க்க முயல்வதுதான் இன்று நம்மூர் முகங்களுக்கு நேரும் பெரிய கேடு.

ஏனென்றால் இரண்டே நாளில் சிவப்பைக் குறைக்கும் ஒரு பொருள் கடையில் கிடைக்கிறது: ஸ்டீராய்டு களிம்பு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பெயர்கள் வேறு. சில "வெளுப்பு கிரீம்" ட்யூபுகளில் ஹைட்ரோகுயினோனோடும் ட்ரெட்டினாயினோடும் கலந்து வரும். அழற்சியை அடக்குவதால் முதலில் முகம் பளிச்சென்று ஆகிறது. தோழிகள் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். சில வாரங்களில் தோல் மெலிந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிய, ஒரே அளவில் சின்னச் சின்னக் கட்டிகள் முகம் முழுக்கக் கிளம்புகின்றன. பூசுவதை நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்பைவிட மோசம். "மறுபடி டென்ஷன், அதான் பரு" என்று நினைத்துப் பிள்ளை மறுபடியும் அதே ட்யூபை எடுக்கிறது. அழுத்தத்தின் பெயரில் மருந்தே நோயை வளர்க்கும் சுழல் இது.

இது மிகைப்படுத்தல் அல்ல. இந்தியாவின் 12 மையங்களில் முகத் தோல் சிக்கலோடு வந்த 2,926 நோயாளிகளை ஆராய்ந்து அபீர் சரஸ்வத் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்ல. மிகுதியாகக் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பரு. தோல் மருத்துவர் சங்கம் நெடுநாள் குரல் கொடுத்ததன் பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-இன் கீழ்க் கொண்டுவந்தது. சட்டம் வந்ததால் பழக்கம் போய்விடவில்லை. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு நடக்கும் காலை நேரம்தான் பள்ளி நேரமும். மாலையில் திறந்திருப்பது மருந்துக்கடை.

மாற்று வழி நாட்காட்டியில் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு டிசம்பர் கடைசி வாரத்துக்குள் முடிந்து விடுமுறை விடுகிறார்கள். அடாபலின் போன்ற களிம்பை மருத்துவர் சொற்படி தொடங்க அதைவிடப் பொருத்தமான வாரம் கிடையாது. முதல் இரண்டு மூன்று வாரம் தோல் காயும், உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடவும் செய்யும். பெரும்பாலோர் பயந்து நிறுத்துவது இங்கேதான். விடுமுறையில் தொடங்கினால் அந்தக் கட்டத்தில் பெரும்பகுதி வகுப்பறைக் கண்களுக்குத் தப்பும். ஒரு பட்டாணி அளவை எடுத்து, பரு இருக்கும் புள்ளியில் மட்டும் வைக்காமல், முகம் முழுக்க மெல்லியதாக இரவில் பூச வேண்டும், ஏனென்றால் இலக்கு இன்னும் தெரியாத அடைப்புகள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். செய்முறைத் தேர்வு நடக்கும் பிப்ரவரியில் தோல் பழகிவிடும். மார்ச்சில் அழுத்தம் வந்து கிளறினாலும் கிளற அதிகம் இருக்காது. நீட் எழுதுபவர்களுக்கு அழுத்தம் மே முதல் வாரம் வரை நீள்கிறது. அவர்கள் பிளஸ் டூ கடைசித் தாளோடு களிம்பை மூடிவைத்துவிடக் கூடாது.

வீட்டு வைத்தியங்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. குழைத்த சந்தனம் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை, பெரிய பயனும் இல்லை. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். பருவின் மேல் பற்பசை வைப்பது வெறும் எரிச்சல். சூடு தணிய நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: தலை எண்ணெய் நெற்றியில் வழிந்து மயிர்க்காலை அடைக்கும். தலைப்பூச்சால் நெற்றியில் வரும் பருவைப் பிளெவிக், ஃபுல்ட்டன், கிளிக்மன் மூவரும் 1970-இலேயே விவரித்திருக்கிறார்கள். குளிக்கட்டும், சீயக்காய் போட்டு நெற்றியையும் அலசட்டும்.

சாப்பாட்டில் பழி வழக்கமாக வடை, பஜ்ஜி மேல் விழுகிறது. சான்று வேறு பக்கம் கைகாட்டுகிறது. மெல்பர்னில் 15 முதல் 25 வயது வரையிலான ஆண்கள் 43 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு (2007), இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவு உண்டவர்களுக்குப் பரு குறைந்ததைக் காட்டியது. இரவுப் படிப்புக்கு மணிக்கொரு சர்க்கரை டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கும் அம்மாவின் அன்பில் இரண்டாவது டீயைச் சுண்டலாக மாற்றலாம்.

தூக்கத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கைவிரலைப் பற்றியாவது பேச வேண்டும். கணக்கு விடை வராத நேரத்தில் கை தானாகத் தாடைக்குப் போய்ப் பருவைக் கிள்ளுகிறது. பிரெஞ்சு மருத்துவர் லூயி புரோக் 1898-இல் இதற்கென்றே தனிப் பெயர் வைத்தார். நம் நிறத்துத் தோலில் ஒரு வாரத்துப் பரு பல மாதக் கரும்புள்ளியாக நிற்பதற்கு அந்த விரல் பெரிய காரணம்.

தேர்வு ஒன்றுதான் அழுத்தம் என்பதில்லை. சிப்காட் காலணி ஆலைக்கு விடியுமுன் பேருந்து ஏறும் இருபது வயதுப் பெண்களுக்கு ஷிப்ட்டும் உற்பத்தி இலக்கும் உண்டு. நிச்சயம் முடிந்த பெண்ணுக்குக் கல்யாணத் தேதி உண்டு. கல்யாணத்துக்கு முன் "சீக்கிரம் போகணும்" என்று கேட்பவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். கடும் பருவுக்கு அது வலுவான மருந்து. கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனம் உண்டாக்கும் மருந்தும் அதுவே. சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியில் தொடங்குவதற்கு அது ஏற்றதல்ல.

ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் மார்ச் மாதம். அங்கே கணக்கு ஆடியில் தொடங்க வேண்டும். பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு களிம்பு தரப்பட்டால் இன்னொரு கவனமும் வேண்டும். சாயத்தை வெளுக்கச் செய்யும் பொருள் அது. துண்டிலும் தலையணை உறையிலும் வெள்ளைத் திட்டு விழுவதைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். பூசிய கையோடு சாயம் ஏறிய பாவைத் தொட்டால் ஒரு சேலையின் கூலியே போகக்கூடும். இரவில், தறியை விட்டு இறங்கிய பிறகு பூசி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளை உறை போட்ட தலையணையில் படுப்பதுதான் நெசவாளிக்குத் தோதான முறை.