எழுத்தின் அளவும் இசையின் நீட்டமும்

தமிழ் இலக்கண நூலார் எழுத்தை ஏட்டில் வரையும் வடிவாக மட்டும் கருதினாரல்லர். செவிப்புலனாகும் ஒலியாகவே முதற்கண் கொண்டனர். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை எனத் தொல்காப்பியம் வகுத்த அளவு, கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடியையும் அளவுகோலாகக் கொண்டது. ஆயின் அவ்வளவு எவ்விடத்தும் மாறாதது என அவர் கூறவில்லை. உயிர் தன் அளவு கடந்து ஒலித்தலும் மெய் நீண்டு இசைத்தலும் உண்டென ஒப்பி, அவற்றை யாழ்நூலின்பாற் படுத்துகிறது நூன்மரபின் இறுதி நூற்பா. பேச்சின் கணக்கு வேறு, இசைப்பாட்டின் கணக்கு வேறு என்னும் தெளிவு அத்துணைப் பழமையுடையது.

இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது செய்யுள். அதன் இடர்ப்பாட்டைக் குற்றியலுகரம் நன்கு காட்டும். 'நாடு' என்பதன் ஈற்றுகரம் இதழ் குவியாமல் தேய்ந்து ஒலிப்பது. அதனைத் தனி அசையாக எண்ணுவதா, விட்டுவிடுவதா? தொல்காப்பியர் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என இரண்டு அசைகளை வைத்து, அவ்வுகரத்தை முன்னசையோடு ஒட்டினார். யாப்பருங்கலக்காரிகை அவ்விரண்டையும் கைவிட்டது. உகரம் தனி நேரசையாயிற்று. எனினும், பழைய வீட்டை இடித்துக் கட்டியோர் வாயிற்றூண்களை மட்டும் விட்டுவைத்ததுபோல, வெண்பாவின் ஈற்றுச்சீரில் காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகள் எஞ்சின.

66ஆம் குறளில் 'குழலினிது' என்பதன்முன் 'யாழ்' வர, உகரம் இகரமாகத் திரிகிறது. அவ்விகரத்தை எண்ணினால் 'தியாழினி' நிரைநிரையாகி, விளத்தின்முன் நிரை வந்து வெண்டளை கெடும். எண்ணாவிடின் 'யாழினி' நேர்நிரையாகித் தளை நிற்கும். சீரும் தளையும் சிதையுமிடத்துக் குறுகிய இகர உகரங்களும் அளபெடையும் அலகு பெறா எனக் காரிகை விதித்தது இதன்பொருட்டே. இன்றைய பதிப்புகள் பல, படிப்போர் எளிமை கருதிச் சொற்களைப் பிரித்து அச்சிடுகின்றன. பொருள் உடனே விளங்குகிறது, இகரமோ மறைந்துபோகிறது. சிக்கல் இருந்ததென்பதே மாணவர்க்குத் தெரிவதில்லை.

அளபெடை இதனினும் நுட்பமானது. 653ஆம் குறளின் முதற்சீர் 'ஓஒதல்'. அளபெடையை நீக்கினால் அது 'ஓதல்' எனத் தேமாவாகி, அடுத்த நேரசையோடு தளை பிழைக்கும். ஓசை மட்டுமா பிழைக்கும்? விட்டொழித்தல் என்னும் பொருளிருக்க, படித்தல் என்னும் பொருளன்றோ முந்திக்கொள்ளும்! எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட்டுக் குறில் காட்டுதல் விதியாயினும், ஏடெழுதியோர் பலர் புள்ளியிடாது விட்டனர். நெடிலுக்கு வீரமாமுனிவர் வேற்றுவடிவு தந்தது 18ஆம் நூற்றாண்டிலேயே. அதுவரை குறிலையும் நெடிலையும் மெய்யையும் ஏட்டிலிருந்து பிரித்தறிய, வாய்விட்டுப் படித்தலும் யாப்பறிவுமே பெருந்துணை செய்தன.

சிந்துப் பாடல்களில் இக்கணக்கு முற்றிலும் புரள்கிறது. அங்கே ஆட்சி தாளத்தினுடையது. குறிலாயினும் நெடிலாயினும் ஓரெழுத்து ஓரசை, ஒற்று எண்ணப்படாது. இரா. திருமுருகன் தம் 'சிந்துப் பாவியல்' நூலில் இதனை இலக்கணமாக வகுத்தார். எனவே 'நாடு' என்னும் சொல் தொல்காப்பியர்க்கு ஓரசை, காரிகைக்கு ஈரசை, சிந்திலும் ஈரசையே, ஆனால் அரை மாத்திரை உகரமும் இரு மாத்திரை நாகாரமும் அங்கே தாளத்தில் சமபங்கு பெறுகின்றன.

பேச்சோ தன் வழியே செல்கிறது. 'பால்' என்பது மக்கள் நாவில் 'பாலு' என ஈரசையாகிறது. 'மண்' என்பது 'மண்ணு' ஆகிறது. வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் குறைந்த வகுப்பறையில் அலகிடுதல் கண்ணின் வேலையாகிவிட்டது. வீட்டில் 'பாலு' என்று கேட்டு வாங்கிக் குடித்த மாணவன், தேர்வுத்தாளில் 'பால்' ஓரசை என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெறுகிறான்.